பெரியப்பாவின் டபராவும் பார்க்கின்சன் பங்குகளும்

செம்பூரில் பெரியப்பா வீட்டுக்கு நாலு மணி வாக்கில் போனால் முதலில் காதில் விழுவது டபரா சத்தம்தான். காபி டம்ளரைத் தூக்கும்போது அது டபராவில் மோதி கிடுகிடுவென்று தாளம் போடும். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் அதில் பாதியைத் தன் டம்ளருக்கு மாற்றிவிட்டுத் திரும்ப நீட்டுவார். மூன்றே முக்காலுக்கு மாத்திரை உள்ளே போயிருக்கும். நாலரைக்குள் சத்தம் நின்றுவிடும், அதே கை சட்டைப் பட்டனைப் போடும், பேப்பரை நாலாக மடிக்கும், டிவி ரிமோட்டை என்னிடமிருந்து பிடுங்கும். ஏழு மணி தாண்டினால் மறுபடி கிடுகிடு.

பார்க்கின்சன் மருந்து செய்கிற கம்பெனிகளில் பணம் போடலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த முக்கால் மணி நேரமும் ஏழு மணியும்தான் ஞாபகம் வரும். இந்தத் துறையில் இதுவரை நிஜமாகக் காசு பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கிடுகிடு நேரத்தைக் குறைக்கிற மருந்தை விற்றவர்கள். நோயையே நிறுத்திக் காட்டுகிறேன் என்று கிளம்பியவர்களில் ஒருவர்கூட இன்னும் அந்தப் பெயரில் ஒரு மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவரவில்லை.

கேட்டது பெரியப்பாவின் மகன்தான். அந்தேரியில் பேங்க் வேலை, எண்களில் புலி. ஆனாலும் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வீடியோவை அனுப்பி, "டேய், இதைப் பாத்தியா? இன்னும் ரெண்டு வருஷத்துல மருந்து வந்துடுமாம். ஷேர் நாலு டாலர்தான் இப்ப" என்றார். "அண்ணா, காலையில பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் 1817இல் இதை எழுதி வைத்தார். மூளையின் அடிப்பக்கத்தில் டோபமைன் சுரக்கும் ஒரு செல் கூட்டம் மெல்ல மெல்ல அழிகிறது. கை நடுக்கம், உடம்பு இறுக்கம், நடை சுருங்குவது எல்லாம் அதிலிருந்து வருகின்றன. டாக்டரிடம் போகிற நாளில் அந்தச் செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். 1960களில் லெவோடோபா வந்தது. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற பொருள், இன்றுவரை இதை அடித்துக்கொள்ள வேறு மருந்து இல்லை. டோபமைன் பற்றிய ஆராய்ச்சிக்காக ஆர்விட் கார்ல்சனுக்கு 2000இல் நோபல் கிடைத்தது. லெவோடோபா நம்ம ஊர் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது, மும்பைக் கம்பெனியான ஜண்டு அதைப் பொடியாகவே போட்டு விற்றது. செடிக்கு யார் காப்புரிமை வாங்க முடியும்? அதனால் எந்த வெளிநாட்டு முதலீட்டாளரும் பூனைக்காலியைப் பற்றிக் கனவு காண்பதில்லை.

லெவோடோபாவின் சிக்கல், ரத்தத்தில் அது ரொம்ப நேரம் நிற்பதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதி காலி. நோய் புதிதாக இருக்கும்போது மூளையில் மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கிச் சேமித்து நிதானமாகச் செலவு செய்யும். வருடங்கள் போகப் போகச் சேமிக்க ஆள் இருக்காது, மாத்திரை ஏறும்போது உடம்பு 'ஆன்', இறங்கும்போது 'ஆஃப்'. டாக்டர்களும் நோயாளிகளும் இதே வார்த்தைகளில்தான் பேசுகிறார்கள். பெரியப்பா ஒரு பழைய டைரியில் நேரம் போட்டு இந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் எழுதி வைக்கிறார், சில நாள் ஆஃப் பக்கத்தில் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகிவிடும். வடையோ பருப்போ சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் ஆன் தள்ளிப்போகும், ஏனென்றால் புரதமும் லெவோடோபாவும் உள்ளே போக ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன.

இனி பணக் கதை. இந்தத் துறையில் இரண்டு விதமான கம்பெனிகள் உண்டு, செய்தியில் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். ஒன்று ஆஃப் நேரத்தைக் குறைக்கிற கம்பெனி. இன்னொன்று செல் அழிவதையே தடுக்கப் பார்க்கிற கம்பெனி. அண்ணன் அனுப்பிய வீடியோ இரண்டாவது வகை. அந்த வகையில் என்ன நடந்திருக்கிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எக்செனடைட். சர்க்கரை நோய்க்கான ஊசி. 2017இல் சுமார் 60 பேரிடம் லண்டனில் செய்த சோதனையில் பார்க்கின்சனை மெதுவாக்குகிற மாதிரி தெரிந்தது, உலகமே குதித்தது. அதே மருந்தை 194 பேருக்கு 96 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள், 2025 பிப்ரவரியில் முடிவு வெளியானது. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இடையில் 2024இல் அதே குடும்பத்து லிக்ஸிசெனடைட் 156 பேரிடம் நல்ல பெயர் வாங்கியது வேறு. ஆக, இந்த நோயில் 60 பேரை வைத்துச் செய்த சோதனை பாஸ் என்றால் அது முதல் ரவுண்டு இன்டர்வியூ பாஸ் ஆன மாதிரி, ஆஃபர் லெட்டர் இன்னும் கைக்கு வரவில்லை.

ஏன் இப்படி ஏமாற்றுகிறது? பெரிய காரணம், வெற்று மருந்துக்கே இந்த நோய் அசைந்து கொடுக்கும். மருந்து கிடைக்கிறது என்ற எதிர்பார்ப்பே மூளையில் டோபமைனைச் சுரக்க வைக்கிறது, கனடாவில் 2001இல் ஸ்கேன் எடுத்தே காட்டிவிட்டார்கள். இதைவிட வேடிக்கை 2015இல் அமெரிக்காவில் சின்சினாட்டியில் நடந்தது. 12 பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. ஒன்று 100 டாலர், இன்னொன்று 1,500 டாலர் என்று மட்டும் சொன்னார்கள். 1,500 டாலர் தண்ணீர் அதிகமாக வேலை செய்தது! சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பங்கு வாங்குகிறவர் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. வெற்று மருந்துக் குழு இல்லாமல் ஒரு சின்னக் கம்பெனி 'எங்கள் நோயாளிகள் ஆறு மாதத்தில் முன்னேறினார்கள்' என்று அறிக்கை விட்டால் அதற்குப் பைசா மதிப்பில்லை. நோய் எவ்வளவு என்கிற மதிப்பெண்ணையும் பெரும்பகுதி டாக்டர் கண்ணால் பார்த்துத்தான் போடுகிறார், விரலைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி. ஆஃப் நேரத்தில் போனால் ஒரு மார்க், ஆனில் போனால் இன்னொன்று. நோய் நகர்வதோ ஆமை வேகம், ஒரு வருடத்தில் வித்தியாசம் காட்டுவதே கஷ்டம்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே பாடுதான். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் கட்டிகட்டியாகச் சேர்வதுதான் வில்லன் என்று நம்பி அதைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைச் செய்தார்கள். பயோஜென் செய்த சின்பனெமாப் தோற்றது, கைவிட்டார்கள். ரோஷும் ப்ரோதீனாவும் சேர்ந்து கொண்டுவந்த பிரசினெசுமாப், 586 பேரிடம் நடந்த சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2024 டிசம்பரில் சொன்னார்கள். ஆனால் ஏற்கெனவே லெவோடோபா எடுப்பவர்களிடம் கொஞ்சம் நம்பிக்கை தெரிகிறது என்று 2025 ஜூனில் ரோஷ் அதை மூன்றாம் கட்டத்துக்கே, அதாவது அனுமதி கேட்பதற்கு முந்தைய பெரிய சோதனைக்கே, கொண்டுபோக முடிவெடுத்தது. 'தோல்வி' என்ற தலைப்பும் 'அடுத்த கட்டம்' என்ற தலைப்பும் ஒரே மருந்துக்கு ஆறு மாத இடைவெளியில் வந்தன. ரோஷால் இதைத் தாங்க முடியும், புற்றுநோய் மருந்துகளிலிருந்து காசு கொட்டுகிறது. ஒரே மருந்தை நம்பி நிற்கிற கம்பெனிக்கு முதல் தலைப்பு வந்த அன்றே கதை முடிந்திருக்கும்.

மும்பைப் பங்குச் சந்தை இருக்கிற நம் தலால் தெருவிலும் ஒரு பாடம் நடந்தது. சன் ஃபார்மாவிலிருந்து 2007இல் ஆராய்ச்சிப் பிரிவைத் தனியாகப் பிரித்துப் பட்டியலிட்ட ஸ்பார்க், வோடோபாட்டினிப் என்ற மருந்தை ஆரம்ப நிலை பார்க்கின்சன் நோயாளிகள் 500 பேருக்கு மேல் கொடுத்துச் சோதித்தது. ரத்தப் புற்றுநோயில் பேர் வாங்கிய மருந்து வகையைச் சேர்ந்தது இது, மூளைக்குள் அதிகமாகப் போகும்படி செய்திருந்தார்கள், யோசனையில் தப்பில்லை. 2024 மார்ச்சில் வெற்று மருந்தைவிட எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்து நிறுத்தினார்கள், பங்கு பலமாக அடிவாங்கியது. கம்பெனி செய்ததில் குற்றம் ஒன்றுமில்லை, ஒழுங்காகச் சோதித்தார்கள், ஒழுங்காகச் சொன்னார்கள். விஞ்ஞானம் 'இல்லை' என்றது, அவ்வளவுதான். நரம்பியல் மருந்துகளில் மனிதர்களிடம் சோதனை தொடங்கிய 100இல் சுமார் 6தான் அனுமதி வரை போகின்றன என்று 2011 முதல் 2020 வரையான அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. பேங்க்காரரான அண்ணனிடம், நூற்றுக்கு ஆறு பேர்தான் கடனைத் திருப்புவார்கள் என்று தெரிந்தால் எத்தனை பேருக்குக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். முறைத்தார்.

சரி, அப்போ ஆஃப் நேரத்தை விற்கிற கம்பெனி பத்திரமா? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த (பிடித்த என்றால், வயிற்றைக் கலக்குகிற) கதை இருக்கிறது. அகோர்டா என்று ஒரு அமெரிக்கக் கம்பெனி. நரம்பு நோயாளிகள் நடப்பதற்கு உதவும் ஆம்பிரா என்ற மருந்தில் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தது. அந்தக் காசு ஒருநாள் நிற்கும் என்று தெரிந்து, 2014இல் 52.5 கோடி டாலர் கொடுத்து சிவிட்டாஸ் என்ற கம்பெனியை வாங்கியது, லெவோடோபாவைப் பொடியாக்கி மூச்சில் இழுக்கும் தொழில்நுட்பத்துக்காக. 2016இல் சுமார் 36 கோடி டாலருக்கு பின்லாந்தின் பயோட்டியையும் வாங்கியது, டோசடெனன்ட் என்ற பார்க்கின்சன் மாத்திரைக்காக. 2017இல் மூன்று இடி. மார்ச்சில் ஆம்பிராவின் காப்புரிமைகளைக் கோர்ட் செல்லாது என்றது. நவம்பரில் டோசடெனன்ட் சோதனையில் சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் சரிந்து உயிரே போயிற்று, அந்த மருந்தை அப்படியே கைவிட்டார்கள். மூன்றாவது இடி, இந்த இரண்டுக்கும் பிறகு கைவசம் மிஞ்சியது மூச்சில் இழுக்கும் பொடி மட்டும்தான் என்பது.

அந்தப் பொடி ஜெயித்தது! இன்பிரிஜா என்ற பெயரில் 2018 டிசம்பரில் எஃப்டிஏ என்கிற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஆஃப் வந்ததும் குழலில் கேப்ஸ்யூலைப் போட்டு இழுத்தால் மாத்திரை போல வயிற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரியப்பாவுக்குச் சொன்னால் அவரே கேட்டிருப்பார். ஆனால் நடுங்குகிற கையால் ஒரு வேளைக்கு இரண்டு கேப்ஸ்யூலை ஒவ்வொன்றாக எடுத்துக் குழலில் வைத்து இழுக்க வேண்டும், விலை அதிகம், இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் மல்லுக்கட்ட வேண்டும். எதிர்பார்த்த அளவில் கால்வாசிகூட ஓடவில்லை என்பது என் கணிப்பு. கடன் தலைக்கு மேல் போய் 2024 ஏப்ரலில் அகோர்டா திவால் மனு போட்டது, சொத்துகளை மெர்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி 18.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. மருந்து வேலை செய்தது, அனுமதி கிடைத்தது, பங்கு வைத்திருந்தவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. 'அனுமதி கிடைத்தால் பங்கு ஏறும்' என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். 2018 ஜனவரியில் ஃபைசர், அல்சைமரிலும் பார்க்கின்சனிலும் புது ஆராய்ச்சி போதும் என்று கடையைக் கட்டியது. கைவசம் இருந்த நரம்பியல் சோதனை மருந்துகள் சிலவற்றை அதே வருடம் பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய செரவெல் என்ற கம்பெனியில் போட்டது. 2023 டிசம்பரில் ஆப்வி என்ற பெரிய அமெரிக்க மருந்துக் கம்பெனி 870 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தது. முக்கியமான ஆசை மனச்சிதைவுக்கான எம்ராக்லிடின் மேல். வாங்கி முடித்த மூன்று மாதத்தில், 2024 நவம்பரில், எம்ராக்லிடின் இரண்டு சோதனையிலும் தோற்றது, ஆப்வி பங்கு ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அதே மூட்டையில் ஓரமாகக் கிடந்த தவபடான் என்ற பார்க்கின்சன் மாத்திரை மூன்று பெரிய சோதனைகளிலும் பாஸ். அதில் ஒன்றில், லெவோடோபாவோடு சேர்த்துக் கொடுத்தபோது, வெற்று மருந்தைவிட நாளைக்கு 1.1 மணி நேரம் கூடுதல் ஆன் கிடைத்தது. ஒரு மணி நேரம், ஆறு நிமிடம். கேட்க அற்பமாக இருக்கிறதா? பெரியம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் நன்றாக லாபம் பார்த்தவர்கள் யார் தெரியுமா? ஆப்வி வாங்குவதாக அறிவிப்பதற்கு முன்பே செரவெல் பங்கு வைத்திருந்தவர்கள். சோதனை முடிவுக்கு அவர்கள் காத்திருக்கவே இல்லை.

அதே ஆப்வியின் இன்னொரு மருந்து வயலெவ், லெவோடோபாவைத் தோலுக்கடியில் நாள் முழுக்கப் பம்ப் வழியாகச் செலுத்துவது. எஃப்டிஏ இதை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. முதல் தடவை பம்ப் விவரம் போதவில்லை, அடுத்த தடவை வேறொருவரின் தொழிற்சாலையில் குறை. கடைசியில் 2024 அக்டோபரில் அனுமதி. மருந்தில் தப்பில்லாமலே வருடக்கணக்கில் தள்ளிப்போகும் என்பதற்காகச் சொல்கிறேன். ஆப்வி தாங்கியது. கையிருப்பு எட்டு மாதத்துக்கு மட்டும் உள்ள கம்பெனியாக இருந்திருந்தால்?

கையிருப்பு என்றதும் என் சொந்தக் கதையும் வருகிறது. சில வருடம் முன்பு நானும் ஒரு சின்ன அமெரிக்கக் கம்பெனியில் கைவைத்தேன், பேர் வேண்டாம். ஒரு நல்ல செய்தி வந்து பங்கு கிடுகிடுவென ஏறியது, மாட்டுங்கா ஸ்டேஷன் எதிரில் காபி குடித்துக்கொண்டே போனில் பார்த்துச் சிரித்தேன். மறுநாள் எழுந்தால் கம்பெனி புதுப் பங்குகளை மலிவு விலையில் வெளியிட்டுக் காசு திரட்டியிருந்தது. ஏறியதெல்லாம் இறங்கி, என் விலைக்கும் கீழே. இது மோசடி இல்லை, இந்தக் கம்பெனிகள் வாழ்வதே இப்படித்தான். விற்க எதுவும் இல்லாதவர்களிடம் விற்பனைக்கு இருப்பது பங்கு மட்டும்தானே. அதற்கப்புறம் நான் முதலில் பார்ப்பது காலாண்டு அறிக்கையில் ரொக்கக் கையிருப்பு, மூன்று மாதச் செலவு, முதலாவதை இரண்டாவதால் வகுத்து மூன்றால் பெருக்கினால் எத்தனை மாதம் என்பது. அடுத்த சோதனை முடிவு அந்த மாதங்களுக்குள் வருமா? வராது என்றால் நடுவில் புதுப் பங்கு நிச்சயம். இரண்டாவது, சோதனையில் எத்தனை பேர், வெற்று மருந்துக் குழு உண்டா. மூன்றாவதாக, இது ஆனை நீட்டுகிற மருந்தா, நோயை நிறுத்துகிற கனவா.

இந்தியப் பங்குகளில் சுத்தமான பார்க்கின்சன் கம்பெனி என்று ஒன்று இல்லை. பெரியப்பா சாப்பிடும் லெவோடோபா மாத்திரையான சிண்டோபா சன் ஃபார்மாவுடையது, ஆனால் சன் ஃபார்மா வாங்கினால் நூற்றுக்கணக்கான மருந்துகளை வாங்குகிறீர்கள். லெவோடோபா, அதோடு சேர்த்துக் கொடுக்கிற கார்பிடோபா, இரண்டின் மூலப்பொருளையும் ஹைதராபாத்தின் டிவிஸ் லேப்ஸ் பெரிய அளவில் செய்கிறது, அங்கும் அது பத்தோடு பதினொன்று. லெவோடோபா-கார்பிடோபா அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு மாத்திரை சில ரூபாய். நோயாளிகள் கூடினாலும் லாபம் பிரமாதமாகக் கூடாது. நம்மைப் போன்ற வீடுகளுக்கு அதுதான் நல்லது, முதலீட்டாளர் மூக்கைச் சிந்தினால் சிந்தட்டும்.

நோயாளி எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லா வீடியோவும் அதில்தான் ஆரம்பிக்கும். 2019இல் உலகம் முழுக்க 85 லட்சத்துக்கு மேல் என்றது உலக சுகாதார அமைப்பு. நான் தினமும் ரயிலேறும் மாட்டுங்காவை ஒட்டி தாதர் பார்சி காலனி. இந்த ஊர் பார்சி காலனிகளில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு 1988இல் வெளியானது, லட்சத்துக்கு 328 பேர், அந்தக் காலத்துக்கு உலகிலேயே அதிகம் என்று பேசப்பட்ட எண். அந்தச் சமூகத்தில் வயதானவர்கள் அதிகம் என்பது ஒரு முக்கியக் காரணம். ஆக வயதாக வயதாக எண்ணிக்கை கூடும், சந்தை பெரிதாகும், உண்மைதான். ஆனால் அகோர்டா திவாலான வருடத்திலும் நோயாளிகள் கூடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அமெரிக்கப் பங்கை இங்கிருந்து வாங்குவது இப்போது சுலபம். ரிசர்வ் பேங்க் திட்டத்தில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், 10 லட்ச ரூபாய்க்கு மேல் போனால் 20% வரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள், அதை அப்புறம் ரிட்டர்னில் கேட்டு வாங்க வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று, அமெரிக்கப் பங்கு 60,000 டாலருக்கு மேல் வைத்துக்கொண்டு ஒருவர் செத்துப்போனால் அந்த நாடு வாரிசுகளிடம் எஸ்டேட் வரி கேட்கும். அண்ணனுக்கு இது தெரிந்திருக்கவில்லை, பேங்க்காரர் என்பதால் கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ வாங்கக் கூடாதுங்கறியா?" என்றார். வாங்கலாம், பெரிய கம்பெனி ஒன்றிரண்டு வாங்கலாம், அதில் பார்க்கின்சன் ஒரு மூலையில் இருக்கும். நாலு டாலர் பங்கு வேண்டுமென்றால், போனாலும் பெரியப்பாவின் மருந்துச் செலவைத் தொடாத பணமாக இருக்கட்டும் என்றேன். அவர் வீட்டில் ஒரு நாள் இரவு முழுக்க ஆஃப் ஆகி, கட்டிலில் திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் பெரியப்பா கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ராத்திரிகளில் வருகிற வீடியோவுக்கு யார்தான் கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பமாட்டார்கள்.

போன வாரம் போனபோது கேட்டேன். நூறு பங்கு வாங்கியிருக்கிறாராம். பெரியப்பாவிடம் சொல்லவில்லை, பெரியம்மாவிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். உள்ளே ஹாலில் மணி நாலு பத்து, டம்ளர் டபராவில் மோதிக்கொண்டிருந்தது.